சிவப்புக் குழாயில் கட்டிய தொட்டில்

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தொட்டில் கட்ட வேண்டும். மேலே சாமான் வைக்கிற கம்பி இருக்கிறதே, அதில்தான். உங்களுக்குத் தலை இடிக்காது. இதோ, சேலையைப் போட்டாயிற்று, முடிச்சும் போட்டாயிற்று. அப்படியே அந்தப் பையைக் கொடுங்கள். பயப்படாதீர்கள், ஓடுகிற ரயிலில் எடுத்துக்கொண்டு எங்கே ஓடப் போகிறேன்? புதுசாகக் கட்டின தொட்டிலில் முதலில் பிள்ளையைப் போடக் கூடாது. குழவிக்கல்லைப் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை. எங்கள் பக்கம் அப்படி. ரயிலில் குழவிக்கல்லுக்கு எங்கே போவது? உங்கள் பை நல்ல கனம். என்ன அக்கா உள்ளே, குத்துவிளக்கா? சரி சரி, கேட்கவில்லை.

பாருங்கள், தாங்குகிறது. கம்பி என்றால் இது கம்பி. எந்த நாட்டுக்காரியும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆனாலும் தாங்குகிறது. வாடி கனிஷ்கா, படுத்துக்கோ. இந்தப் பெரியம்மா ஒண்ணும் பண்ண மாட்டாங்க.

எனக்குப் பேச வராது அக்கா. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள். கம்பெனியில் என்னை ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தவமணி என்று பெயர் இருப்பதே சம்பளம் போடும்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். நீங்கள் கேட்டதனால் சொல்கிறேன். கேட்கவில்லையா? வாயால் கேட்கவில்லை. சேலையில் இவ்வளவு துருக் கறை ஏன் என்று பார்த்தீர்கள். நான் கவனித்தேன். துவைக்காத கழுதை என்று நினைத்திருப்பீர்கள். எத்தனையோ தடவை துவைத்துவிட்டேன், போகவில்லை. அது ஐரோப்பா பண்ணிய வேலை.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சட்டையை விரித்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் தள்ளிவிட்டு, பிசிறு இருந்தால் வெட்டிவிட வேண்டும். எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகிற சட்டை. எந்த ஊர் என்று கேட்டால் தெரியாது. அங்கே பிள்ளைகளுக்குப் பெரிய தலை, அது மட்டும் தெரியும். கழுத்து அவ்வளவு அகலமாக வைப்பார்கள்.

திடீரென்று வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை என்றார்கள். ஹெச்.ஆர். சார் எங்களையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வைத்தார். கோகுல்நாத் என்று பெயர். சின்னப் பையன்தான், ஆனால் கழுத்தில் டை கட்டியிருப்பார், திருப்பூர் வெயிலில். "ஐரோப்பாவுல நெருக்கடிம்மா. அங்க ஸ்திரத்தன்மை இல்ல. அங்க ஸ்திரமா இருந்தாத்தான் இங்க நம்ம அடுப்பு எரியும்" என்றார். ஸ்திரத்தன்மை என்று சொல்லும்போதெல்லாம் அந்த டை மேலே ஏறி இறங்கும்.

என்ன நெருக்கடி என்றால், அங்கே கரண்டு விலை ஏறிவிட்டதாம். வீட்டுக்குள் சூடு வைக்க முடியவில்லையாம். ஒரு நாட்டில் மந்திரிசபை கவிழ்ந்துவிட்டதாம். இன்னொரு நாட்டில் உட்கார ஆள் கிடைக்காமல் நாற்காலியே காலியாகக் கிடக்கிறதாம். அதனால் சனங்கள் சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம்.

ரெஜினா கேட்டாள். என்னோடு வேலை செய்கிறவள், அவளுக்கு வாய் நீளம். "ஏன் சார், குளிருது, சூடு வைக்க வழியில்லங்கறவன் சட்டையத்தான சார் மொதல்ல வாங்கணும்?"

"உனக்கெல்லாம் எகனாமிக்ஸ் புரியாதும்மா."

"எனக்குப் புரியாட்டிப் போகுது. அவனுக்குக் குளிராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. பேனாவை எடுத்து வெள்ளைப் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். அதில் மூட்டை மூட்டையாகத் தொங்கவிட்டார். "இது கம்பி. இது அவங்க பணம். இதெல்லாம் நாடு. அவ்வளவு நாடும் ஒரே பணத்துல தொங்குது. ஒரு மூட்டை கனத்துச்சுன்னா கம்பி வளையும். வளைஞ்சா மொத்தமும் சரியும்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் நினைத்தேன் அக்கா, நினைக்கக் கூடாதா? இவ்வளவு பெரிய பெரிய நாடு, விமானம் விடுகிறான், கப்பல் விடுகிறான், ஆளுக்கொரு கம்பி நட்டுக்கொள்ள வக்கில்லையா? அடுத்தவன் தொங்குகிற கம்பியிலேயே போய்த் தொங்குவானாம், அப்புறம் ஒடிந்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பானாம். அறிவு கெட்டவர்கள். இவர்களுக்காகத்தான் நான் பகலெல்லாம் பிசிறு வெட்டினேன்.

ஊத்துக்குளி போய்விட்டதா? நீங்கள் சாப்பிடுங்கள் அக்கா, எனக்காக வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேலை குறைந்ததும் லைன் வீடுகள் காலியாக ஆரம்பித்தன. ஒடிசாக்காரர்கள் போனார்கள். அப்புறம் எங்கள் பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா போனாள். அவள்தான் நான் வேலைக்குப் போகும்போது இவளைப் பார்த்துக்கொள்வாள். அவள் போனதும் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. எங்கள் வீட்டுக்காரர் சின்ன யானை லோடு வண்டி ஓட்டுகிறார், அவர் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவர் அம்மா, அதான் எங்கள் அத்தை, ஊரிலிருந்து போன்மேல் போன். "புள்ளயக் கொண்டாந்து எங்கிட்டப் போட்டுட்டுப் போய் உன் வேலையப் பாரு. நான் வளக்கறேன். ஒரு மாட்டோட மாடா அதுவும் வளந்துட்டுப் போகுது."

மாட்டோடு மாடாக! எப்படி இருக்கிறது பாருங்கள் பேச்சு. நான் அத்தையை எதிர்த்துப் பேசியதே இல்லை, "நெட்வொர்க் இல்லீங்கத்தை" என்று வைத்துவிடுவேன்.

கம்பெனியிலேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை இருக்கிறது. 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு, முயல் படம், எல்லாம் உண்டு. இப்படி ஓர் அறை இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பாக்காரர்கள் சொன்னதனால் வைத்தது. சாவி ஹெச்.ஆர். சாரிடம் இருக்கும். யாராவது சோதனைக்கு வந்தால் திறப்பார்கள். மற்ற நாளில் உள்ளே நூல் கோன் மூட்டை அடுக்கியிருக்கும். அங்கே நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் குதிரை, வாங்கினபோது சுற்றியிருந்த கவர்கூடப் பிரிக்காமல் நிற்கும். பிரித்தால் பிள்ளைகள் அழுக்காக்கிவிடுமாம்.

அப்புறம் ஒரு நாள் எங்களை மறுபடி நிற்க வைத்தார். சட்டை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஓர் அம்மாவே நேரில் வருகிறார்களாம். இருக்கிற நாலு கம்பெனியைப் பார்த்துவிட்டு ஒருத்தருக்குத்தான் குளிர்கால ஆர்டராம். "சின்னக் கொழந்த இருக்கறவங்க எல்லாரும் நாளைக்குக் கொழந்தையோட வரணும். இல்லாதவங்க பக்கத்து வீட்டுலயாச்சும் கேட்டு வாங்கிட்டு வாங்க. தினமும் இங்கதான் இருக்கான்னு கேட்டா, ஆமான்னு சொல்லணும்" என்றார்.

ரெஜினா விடுவாளா? "ஆர்டர் வந்துட்டா நெசமாவே தினமும் தொறப்பீங்களா சார்?"

"தொறக்கறேன்மா. என் தலைமேல சத்தியம்."

தலைமேல் கை வைத்தார் அக்கா. நான் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் அத்தை போன் பண்ணினபோது எடுத்தேன். "அடுத்த மாசத்துல இருந்து கம்பெனியிலயே பாத்துக்குவாங்கத்தை, குதிரையெல்லாம் இருக்கு" என்றேன். நானாக அத்தையிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை.

மறுநாள் போனால், மூட்டையெல்லாம் எடுத்து அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்குகிற பேச்சிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி ஆயாவாக்கிவிட்டார்கள். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் தூங்கக் கட்டில் வாங்கியிருந்தார்கள், நாலு பக்கமும் கம்பி வைத்த கட்டில். ஐரோப்பாவில் பிள்ளைகளை அதற்குள்தான் போடுவார்களாம். கோழிக் கூண்டு கெட்டது. கனிஷ்காவை அதற்குள் விட்டேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் பாருங்கள், அவளைப் பார்த்து ரெஜினாவின் பையன் கத்த, அவனைப் பார்த்துப் பேச்சி எங்கேயோ கேட்டு வாங்கி வந்த இரண்டும் கத்த, அறையே அதிர்ந்தது. வாசலில் கார் வந்துவிட்டது. ஹெச்.ஆர். சார் ஓடி வந்து, "வாய அடைங்கம்மா, வாய அடைங்க" என்று அவரும் சேர்ந்து கத்திவிட்டு ஓடினார்.

அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு சிவப்புக் குழாய். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் கொட்டுமாம். அதுவும் ஐரோப்பாக்காரர்கள் போடச் சொன்னது. நல்ல பருமன். இந்தச் சேலை என் பையில் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கட்டிவிட்டேன்.

சும்மா கட்டவில்லை அக்கா. நான் அறிவு கெட்டவள் இல்லை. அயர்னிங் பக்கத்திலிருந்து ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து, ஆறினதாகப் பார்த்துத்தான், தொட்டிலில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை குழாய். அப்புறம்தான் இவளைப் போட்டேன். போட்ட உடனே கண்ணை மூடிவிட்டாள்.

ரெஜினா பார்த்தாள். "நானும் அதுலயே கட்டிக்கட்டுமாடி?"

"கட்டேன், எங்கப்பன் வீட்டுக் குழாயா?" என்றேன்.

அவள் தன் துப்பட்டாவைக் கட்டினாள். பேச்சி கட்டிங் பக்கம் போய்த் துணி கிழித்துக்கொண்டு வந்து இரண்டு கட்டினாள். வரிசையாக நாலு தொட்டில். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. சத்தமே இல்லை, மின்விசிறி சத்தம் மட்டும்தான். ஹெச்.ஆர். சார் எட்டிப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார் அக்கா, என்னை! "தவமணி, நீ தெய்வம்மா" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் என்ன சொன்னார் என்று சொல்கிறேன்.

அந்த அம்மா உள்ளே வந்தார்கள். உசரம், நல்ல சிவப்பு, மூக்கு மட்டும் வெயிலில் தக்காளி மாதிரி. முதலாளி ஒரு பக்கம், ஹெச்.ஆர். சார் ஒரு பக்கம். தொட்டிலைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷம். போட்டோ எடுத்தார்கள். கூண்டுக் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. கிட்டே வந்து, தூங்குகிற பிள்ளைக்கு எதற்கு, தொட்டிலைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார்கள். ஆட்டத் தெரியாதவர்கள் ஆட்டுகிற ஆட்டு. கோயில் மணி அடிக்கிற மாதிரி.

குழாய் முனகியது. அப்புறம் சுவர்ப் பக்கம் மூட்டு விட்டுவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, முகத்தை அப்படி வைக்காதீர்கள். குழாய் மெள்ள வளைந்து இறங்கி, நாலு தொட்டிலும் பாயில் வந்து உட்கார்ந்தது, கோழி அடைக்கு உட்காருகிற மாதிரி. ஆனால் தண்ணீர்! செக்கச் செவேல் என்று துருத் தண்ணீர், பீய்ச்சி அடித்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டை போயிற்று. ஹெச்.ஆர். சாரின் டை ஈரக் கயிறு மாதிரி தொங்கிற்று. அந்த அம்மா கண்ணைத் திறக்க முடியாமல் கையைத் துழாவிக்கொண்டு நின்றார்கள். பேச்சி போய்க் குதிரையைக் கட்டிக்கொண்டாள், கவர் இருந்ததால் குதிரை மட்டும் நனையவில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரிக்கிறாள். "மழ! மழ!" என்கிறாள்.

இதில் என் தப்பு என்ன, சொல்லுங்கள். குழாய் போடச் சொன்னது யார்? அவர்கள். பலமில்லாமல் போட்டது யார்? இவர்கள். ஆட்டினது யார்? அந்த அம்மா. நான் இஸ்திரிப் பெட்டி வைத்துப் பார்த்துத்தானே கட்டினேன்? ஒரு பிள்ளை கனம் தாங்கவில்லை என்றால் அது என்ன குழாய், அவர்கள் என்ன கண்டம்? மற்ற மூன்று தொட்டிலா? அவையும் பிள்ளைகள்தானே அக்கா, பாறாங்கல்லா? நீங்களும் ரெஜினா மாதிரியே கேட்கிறீர்கள்.

தண்ணீரை நிறுத்தின பிறகு அந்த அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். இவள் என் இடுப்பில். என்னமோ கேட்டார்கள். ஹெச்.ஆர். சார் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார், "பாப்பா தினமும் இங்கதான் இருக்காளான்னு கேக்கறாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், இவள் கன்னத்தைத் தொட்டார்கள், போய்விட்டார்கள். ரெஜினா இன்னும் அதற்காக என்னைத் திட்டுகிறாள். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தீன்னா அந்தம்மா அங்கயே நின்னு தெனமும் தொறக்க வச்சிருக்கும்டி. ஒரு வார்த்த. ஊமைச்சி, ஊமைச்சி!" என்கிறாள். அவளுக்கென்ன, வாய் இருக்கிறது. நான் என்ன பொய்யா சொன்னேன்? பொய் சொன்னது ஹெச்.ஆர். சார். நான் தலையைத்தான் ஆட்டினேன்.

கொடுமுடி வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? பேசினால் நேரம் போவது தெரியவில்லை பாருங்கள். எனக்குத்தான் பேசிப் பழக்கமில்லை.

கேளுங்கள் கூத்தை. ஆர்டர் எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது! ஏன் தெரியுமா? மற்ற கம்பெனியில் எல்லாம் சிவப்புக் குழாய்க்குள் தண்ணீரே இல்லையாம், பெயின்ட் அடித்துக் காட்சிக்கு வைத்திருந்தார்களாம். எங்கள் குழாயில் மட்டும்தான் தண்ணீர் வந்ததாம். நனைந்து போனதில் நம்பிக்கை வந்திருக்கிறது அந்த அம்மாவுக்கு. இவர்கள்தான் உலகத்துக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவர்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். ஹெச்.ஆர். சார் புது டையில் வந்து, "ஐரோப்பா ஸ்திரமாயிடுச்சும்மா. கவர்மென்ட் அமைஞ்சிடுச்சு. இனிமே ரெண்டு ஷிப்ட்டு, யாருக்கும் லீவு கெடையாது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், லட்டு கையோடு.

அப்புறம் நான் போய்க் கேட்டேன் அக்கா. நானே போய்க் கேட்டேன். மாடிப்படிப் பக்கத்தில் காத்திருந்து, "சார், அந்த ரூமு?" என்றேன்.

"எந்த ரூமு?"

"கொழந்தைங்க ரூமு சார். தொறக்கறேன்னு தலமேல..."

"ஏம்மா, நீ பண்ணி வச்ச வேலைக்கு இன்னும் ரூமு வேற வேணுமா? குழாய்க்கு அடியில கொழந்தைங்க இருக்கக் கூடாதுன்னு அந்தம்மா எழுதிட்டாங்க. தனிக் கட்டடம் கட்டறவரைக்கும் பூட்டித்தான் இருக்கும். உன்னாலதான்" என்றார். தெய்வம் என்று கும்பிட்டாரே, அதே வாய். "திங்கக்கெழம தனியா வா. கொழந்தையோட வாசல்ல வந்து நிக்காத."

அவ்வளவுதான். அந்த நாட்டில் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாயிற்று, இந்த நாட்டில் ஹெச்.ஆர். சார் டை மாற்றியாயிற்று. எல்லாரும் ஸ்திரமாக இருக்கிறார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போகிறேன், மாட்டோடு மாடாக வளர்க்கக் கொடுக்க. லாலாப்பேட்டையில் இறங்க வேண்டும். இவளை அத்தை கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியிலேயே திரும்ப வேண்டும்.

அழவில்லை அக்கா. கண்ணில் தூசி. அந்தச் சனியன் பிடித்த சட்டைப் பிசிறு கண்ணுக்குள் போய்ப் போய் எனக்கு எப்போதும் இப்படித்தான்.

மாயனூர் போய்விட்டதா? அடுத்ததற்கு அடுத்தது. இவளைப் பாருங்கள், எப்படித் தூங்குகிறாள். வாயைத் திறந்துகொண்டு. ஐரோப்பாவில் எந்தப் பிள்ளையாவது இப்படித் தூங்குமா, கூண்டுக்குள்? இந்தக் கம்பியைப் பாருங்கள். ஒரு முனகல் உண்டா? ரயிலே ஆட்டிவிடுகிறது, நான் கை வைக்கக்கூட வேண்டாம். நீங்கள் திருச்சி வரைக்குமா? திருச்சியில் பெரிய பெரிய கடையெல்லாம் இருக்கிறதாமே, துணி மடிக்க ஆள் வேண்டாமா அவர்களுக்கு? நீங்கள் இருக்கிற வீதியில் வாடகைக்கு வீடு, சின்னதாக, மேலே உத்தரம் போட்ட வீடாக இருந்தால் போதும். சும்மாதான் கேட்கிறேன். கேட்டால் என்ன.

வண்டி நிற்கப் போகிறது. நின்றால் இவள் விழித்துக்கொள்வாள். அந்தப் பக்கம் நீங்கள் ஒரு கை பிடியுங்கள் அக்கா. மெள்ள. அப்படித்தான், உங்களுக்கு ஆட்டத் தெரிகிறது.

ஆமாம், லாலாப்பேட்டைதான். போர்டு எனக்கும் தெரிகிறது. அதோ, தண்ணிக் குழாய்ப் பக்கத்தில் குடையோடு நிற்கிறார்களே, அவர்கள்தான் எங்கள் அத்தை. ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்க்கிறார்கள்.

தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பார்களா யாராவது? அந்த அம்மா ஆட்டினது போதாதா?

அக்கா, அந்த ஜன்னலை இறக்கிவிடுங்கள். வெயில் இவள் முகத்தில் அடிக்கிறது. இறுக்கமாக இருக்கிறதா, இருங்கள், நானும் பிடிக்கிறேன். ம். இறங்கிவிட்டது. ஆட்டுங்கள், நிறுத்திவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கிளம்பிவிட்டது. கையை எடுத்துவிடுங்கள் அக்கா. இனிமேல் தானாக ஆடும்.